ஜீப்புக்கு வைத்த காது

1968 மே 9, வியாழன்

குழாயில் இன்றும் கலங்கல் தண்ணீர். ஒரு பழைய வேட்டியை நாலாக மடித்துக் குடத்து வாயில் கட்டிப் பிடித்தேன். அதற்கும் ஒரு பேச்சு.

"எங்க அண்ணன் வேட்டிதான் கெடச்சுதா அத்தே உனக்கு?"

மருமகள் ஜெயசீலிதான். அவளுக்கு எல்லாமே அண்ணனுடையது. வீடு அண்ணன் வீடு, வேட்டி அண்ணன் வேட்டி, நான் குடிக்கிற கஞ்சியில் உப்பும் அண்ணன் உப்பு. இல்லையென்று சொல்லவில்லை. ஊரிகம் தங்கச் சுரங்கத்தில் லைன் வீடு என்றால் கம்பெனியில் வேலை பார்க்கிறவன் பெயரில்தான் இருக்கும். முன்னே என் வீட்டுக்காரர் பெயரில் இருந்தது. அவருக்குப் பின் என் மகன் ரத்தினத்தின் பெயரில் இருந்தது. ரத்தினம் சுரங்க வேலையை விட்டான், வீட்டுக்குப் பூட்டு வந்தது. அன்றிலிருந்து ஜெயசீலியின் அண்ணன் சிரிலுடைய வீட்டு முன்னறையில் படுக்கிறேன். சம்பந்தி வீட்டுச் சோறு தொண்டையில் நிற்கும் என்பார்கள். நிற்கத்தான் செய்கிறது.

வேலையை விடச் சொன்னது நான். சோறு தண்ணீர் இல்லாமல் கிடந்து விடச் செய்தேன். அப்பனைக் கீழே கொடுத்துவிட்டேன். பிள்ளையையும் கொடுக்கச் சொன்னால் எப்படி?

வேட்டியைத் துவைத்துக் கொடியில் போட்டுவிட்டேன். இதையும் எழுதி வைக்கிறேன். சொன்னதைச் சொல்லவில்லை என்று நாளைக்கு மாற்றிப் பேசுவார்கள்.

மே 12, ஞாயிறு. வைகாசிப் பௌர்ணமி

மானம் போயிற்று.

புத்த விகாரையிலிருந்து ஊர்வலம் புறப்பட்டு ஸ்டேஷன் ரோட்டில் வந்துகொண்டிருந்தோம். பொம்பிளைகள் எல்லாரும் வெள்ளைப் புடவை. நேற்று பெய்த மழையில் ரோடு செம்மண் கூழாகக் கிடந்தது. எதிரே என் மகனுடைய ஜீப். பேத்தமங்களாவிலிருந்து கத்தரிக்காய் மூட்டை ஏற்றி வந்தான். வேகமாகக்கூட வரவில்லை, பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனாலும் முன்வரிசையிலிருந்து பின்வரிசை வரை ஒருத்தி புடவை மிச்சமில்லை.

"பழனியம்மா புள்ள மஞ்சத்தண்ணி ஊத்திட்டுப் போறாண்டீ!" என்று ஒருத்தி கத்தினாள். எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. யார் கத்தியது என்று தெரியும்.

ரத்தினம் என்ன செய்வான்? மிலிட்டரிக்காரர்கள் கழித்துப்போட்ட ஜீப்பை ஏலத்தில் எடுத்தபோது அதற்குச் சக்கரமே கிடையாது. கிடைத்தது ஒரு பெரிய மிலிட்டரி வண்டியின் சக்கரம். பட்டை டயர். ஜீப்பின் மட்கார்டுக்கு வெளியே ஒரு சாண் நீட்டிக்கொண்டு நிற்கிறது. சேற்றையும் ஜல்லியையும் வாரி வாரி இரண்டு பக்கமும் அடிக்கிறது. ஆனால் ஏரி வண்டலில் சிக்காமல் போகிற சக்கரமும் அதுதான். மெலிந்த டயர் போட்டால் பேத்தமங்களா ஏரிக்கரை ஊர்களுக்கு வண்டி போகாது. காய்கறி லோடு கிடையாது, சோறு கிடையாது.

இதெல்லாம்கூடப் பொறுப்பேன். முன்னால் கொடி பிடித்துப் போன மாரிமுத்து, முகத்துச் சேற்றைத் துண்டால் துடைத்துக்கொண்டு சொன்னான்: "போவட்டும் வுடுங்க. நம்ம புள்ளதானே."

நம்ம பிள்ளையா? எவனுக்கு எவன் பிள்ளை?

மே 14, செவ்வாய்

ஊர்வலத்தில் நனைந்தவள் எவளோ போலீசில் சொல்லியிருக்கிறாள். ரத்தினத்தைக் கோலாருக்கு வரச்சொல்லி மோட்டார் இன்ஸ்பெக்டர் ஜீப்பைப் பார்த்தாராம். சக்கரம் வெளியே தெரியக்கூடாது, மூடிக்கொண்டு ஆவணி முடிவதற்குள் வந்து காட்டு, இல்லையென்றால் பர்மிட் கிடையாது என்று சொல்லிவிட்டார். அதற்குள் வேறு ஏதாவது கேஸ் வந்தாலும் கிடையாது.

சிரில் கம்பெனி வொர்க்ஷாப்பில் பிட்டர். சாப்பிட்டுக்கொண்டே சொல்கிறான்: "போனா போவுது மச்சான். டிம்பர் கேங்குக்கு ஆள் எடுக்கிறாங்க. நான் ஒரு வார்த்தை சொன்னா உன்ன கீழ எறக்கிடுவாங்க. லைன் வீடும் கெடைக்கும்."

சுரங்கத்துக்குள்ளே பாறைக்கு மரம் முட்டுக் கொடுக்கிற வேலை அது. ஜெயசீலி அண்ணன் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். என் தட்டைப் பார்க்கவில்லை. அவளுக்குத் தனி வீடு வேண்டும். கேட்கட்டும், நியாயம்தான். ஆனால் அந்த வீட்டுக்கு என் மகன் உயிரைச் சாவியாகக் கொடுக்க வேண்டுமா?

ரத்தினம் இருமினான். சுரங்கத்துத் தூசி இன்னும் நெஞ்சில்தான் இருக்கிறது.

ஜூன் 2, ஞாயிறு

மண்ணெண்ணெய் டின்னை வெட்டித் தட்டி நாலு சக்கரத்துக்கும் மறைப்பு அடித்தான் ரத்தினம். வண்டி கிளம்பியதும் அப்படி ஒரு சத்தம். "மச்சான், பேண்டு வாத்தியத்துக்குத் தனியா ஆள் வேணாம்" என்றான் சிரில். ரயில்வே கேட் தாண்டுவதற்குள் ஒன்று கழன்று விழுந்தது. எடுக்கப் போனவன் கெண்டைக்காலைத் தகரம் கிழித்துவிட்டது. மஞ்சள் வைத்துக் கட்டினேன்.

ஜூன் 5, புதன்

வொர்க்ஷாப்பிலிருந்து நல்ல இரும்புத் தகடு கொண்டு வருகிறேன் என்கிறான் சிரில்.

"ஷிப்ட் முடிஞ்சு வர்றவன் வாயத் தொறந்து பாக்குறானுங்க கேட்டுல. தகட்ட எங்கடா ஒளிப்ப? வவுத்துலயா?" என்று கேட்டேன்.

"உனுக்கு நல்லது செய்ய வந்தா இப்பிடித்தாம்மா" என்று எழுந்து போய்விட்டான். ஒரு ஆணி பாஸ் இல்லாமல் வெளியே வந்தாலும் இங்கே ஜெயில். பொன் விளைகிற இடத்தில் துருவுக்கும் காவல்.

ஜூன் 18, செவ்வாய்

கான்வாஸ் துணி தைத்துக் கட்டிப் பார்த்தான். சக்கரம் தின்றுவிட்டது.

ஜூன் 30, ஞாயிறு

இன்றைக்கு என் வாயால் நல்ல வார்த்தை வந்துவிட்டது. வாயைக் கழுவ வேண்டும்.

காலையில் வண்டி வந்து நின்றது. நாலு சக்கரத்துக்கு மேலும் கறுப்பாக, வளைவாக, யானைக் காது விரித்தது மாதிரி. பழைய லாரி டயரின் பக்கவாட்டுச் சுவரை வளையமாக அறுத்து, அந்த வளையத்தைத் துண்டு போட்டு மட்கார்டு ஓரத்தில் பொருத்தியிருக்கிறது. டயருக்கே ஒரு வளைவு உண்டு அல்லவா? அதனால் தொங்காமல் தானாக விரிந்து நிற்கிறது. கல் பட்டால் நசுங்காது, ஆள் பட்டால் கிழிக்காது. உள்பக்கம் இரும்புப் பட்டை கொடுத்து, ஒவ்வொரு காதுக்கும் நாலு போல்ட்டு. கையாலேயே திருகுகிற நட்டு, ஸ்பானர்கூட வேண்டாம். ஏரி வண்டல் உள்ளே அடைத்துக்கொண்டால் கழற்றி, கழுவி, திரும்ப மாட்டிவிடலாம். வெட்டின விளிம்பைத் தடவிப் பார்த்தேன். வெண்ணெயை நூலால் அறுத்தது போல் இருந்தது.

"அறுத்த கை நல்ல கை. யாருடா செஞ்சது?" என்று கேட்டேன்.

ரத்தினம் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ஜெயசீலி வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். புடைக்கிறதை நிறுத்தாமல் சொன்னாள்: "ஸ்டேஷனாண்ட பஞ்சர் கடை வெச்சுக்கீறாரே அத்தே, அவருதான். நீ கூட இப்ப நல்ல கைன்னு சொன்ன."

முறத்துக்குப் பின்னால் சிரிக்கிறாள்.

ஜூலை 1, திங்கள்

தூக்கமில்லை. அதை ஒருமுறை முழுசாக எழுதிவிடுகிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதாம் வருஷம். மாரிமுத்து அப்போது கேங் மேஸ்திரி. அவன் மகளுக்குக் காது குத்து. அன்று ராத்திரி ஷிப்ட் அவனுடையது. பகலெல்லாம் விருந்து, சாராயம். சாயங்காலம் என் வீட்டு வாசலில் வந்து நின்று, "அண்ணாத்தே, இன்னிக்கு ஒரு நாள் என் ஷிப்ட பாத்துக்கோ" என்றான். என் வீட்டுக்காரர் அப்போதுதான் பகல் ஷிப்ட் முடித்து வந்திருந்தார். நான் வேண்டாம் என்றேன். "சிநேகிதன் கேக்கிறான் பழனி" என்று சொல்லிவிட்டு, பாதி தின்ற களியை மூடி வைத்துவிட்டுப் போனார். சுரங்கத்துக்குள் போகிற கேஜில் இறங்கினவர்தான். கீழே பாறை வெடித்தது. ஏர்பிளாஸ்ட் என்பார்கள். எங்கள் லைன் பாத்திரமெல்லாம் குலுங்கியது. மூடி வைத்த களியும் குலுங்கியது. நான் பார்த்தேன்.

அவர் பெயர் காத்தவராயன். வாயால் சொன்னதில்லை. எழுதினால் குற்றமில்லை.

பிறகு மாரிமுத்து என்ன செய்தான்? குடியை விட்டான். விகாரைக்கு வந்தான். எங்கள் அப்பா காலத்திலிருந்தே நாங்கள் பௌத்தம். இவன் என் புருஷனைக் கொடுத்துவிட்டு வந்து பஞ்சசீலம் எடுத்து, புதுப்பெயரும் வைத்துக்கொண்டான். ஊரெல்லாம் அந்தப் பெயரைச் சொல்கிறார்கள். மரியாதையாகச் சொல்கிறார்கள். என் வாயிலும் வராது, என் மையிலும் வராது. சட்டையை மாற்றினால் உள்ளே இருக்கிறவன் மாறுவானா? எனக்கு அவன் மாரிமுத்துதான். அவனோடு நான் பேசி வருஷம் பதினெட்டு ஆகிறது.

மகளின் காதுகுத்துக்கு ஷிப்ட் மாற்றினவன் இன்றைக்கு என் மகன் வண்டிக்குக் காது வைக்கிறான். அதையும் நான் பார்க்க வேண்டும்.

ரத்தினத்திடம் கேட்டேன், உனக்கு வேறு ஆளே கிடைக்கவில்லையா என்று. "எம்மா, ஊர்ல டயரு அறுக்கத் தெரிஞ்ச கை அது ஒண்ணுதான். நான் கீழ போவட்டுமா, இந்தக் காதோட மேல இருக்கட்டுமா? நீயே சொல்லு" என்றான்.

தூக்குச்சட்டியைக் கழுவி அவன் கையில் கொடுத்தேன்.

ஜூலை 16, செவ்வாய்

மழை. வண்டி தெரு முழுக்கப் போய் வந்தது. யார் மேலும் ஒரு பொட்டு படவில்லை. கடுப்பாக இருக்கிறது.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

தண்ணீர்க் குழாய்க்கு எதிரேதான் அவன் பஞ்சர் கடை. நாலு கம்பு நட்டு மேலே சாக்குப் போட்டது. குடத்தோடு போனேன். ஸ்டூலில் உட்கார்ந்து சோப்புத் தண்ணீரில் கத்தியை நனைத்து நனைத்து டயர் அறுத்துக்கொண்டிருந்தான். தலையைத் தூக்காமலே, "தங்கச்சி, அந்த நட்டுக்கு எண்ணெ வெக்கச் சொல்லு. துரு ஏறிச்சின்னா கழட்ட வராது" என்றான்.

தங்கச்சியாம்! குடம் நிறையும்வரை குழாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

எண்ணெய் நானே வைத்தேன். வண்டி என் மகனுடையது.

ஆகஸ்ட் 22, வியாழன்

பஜாரில் காய்கறி மண்டி வைத்திருக்கிற துளசிராமன் வந்தார். ரத்தினம் கொண்டு வருகிற கத்தரிக்காய், தக்காளி எல்லாம் அவர் மண்டிக்குத்தான் போகிறது. மூத்த மகள் வள்ளிக்குக் கல்யாணம். பங்காருபேட்டை ஸ்டேஷனிலிருந்து மாப்பிள்ளை வீட்டாரை அழைத்து வர ஜீப் வேண்டும். மேல்மூடி எடுத்துவிட்டுப் பூ ஜோடிக்க வேண்டும். உள்ளே வரவில்லை, வாசலோடு நின்றார். தண்ணீர் தருகிறேன் என்று ஜெயசீலி சொன்னதற்கு, இப்போதுதான் குடித்தேன் என்றார். அவர்கள் எப்போதும் இப்போதுதான் குடித்திருப்பார்கள்.

போகிறபோது சக்கரத்தைப் பார்த்தார். "ரத்தினம், ஒண்ணு சொல்றேன், தப்பா நெனைக்காத. அது டயர் ரப்பருதான? செருப்பு தைக்கிற ரப்பரு. மாப்பிள்ள வர்ற வண்டியில நாலு பக்கமும் செருப்பக் கட்டித் தொங்கவுட்ட மாதிரி இருக்குது. கழட்டிட்டுக் கொண்டா."

"வண்டி ஓடறதும் அதே ரப்பருதாங்களே?" என்றாள் ஜெயசீலி. அவளை முதல்முறையாக எனக்குப் பிடித்தது.

"கீழ இருக்கிறது கீழ இருக்கட்டும்மா. மேல ஏறினாத்தான் தப்பு" என்றார் துளசிராமன்.

டயரைத்தான் சொன்னார். எங்களுக்கும் விளங்கியது.

ரத்தினம், "ஜல்லி ரோடுங்க, கல்லு அடிக்கும்" என்றான். அவர் சிரித்தார். மண்டிக்காரர் சிரித்தால் சரியென்றுதான் சொல்ல வேண்டும்.

ஆகஸ்ட் 29, வியாழன்

காதுகளைக் காலையில் கழற்றியது நான்.

ரத்தினம் பூ வாங்கக் கிளம்பினான். நீ போ, நான் எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டுக் குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு நட்டாகத் திருகினேன். எண்ணெய் வைத்த நட்டு, சுகமாக வந்தது. துளசிராமன் சொன்னது எனக்கு நெருப்பாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்த ஆள் கைவேலை என் மகன் வண்டியிலிருந்து இறங்குகிறதே என்று ஒரு சந்தோஷம். பொய் எழுதமாட்டேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. நாலையும் சாக்கில் சுற்றிக் கட்டிலுக்குக் கீழே தள்ளினேன்.

அதோடு விட்டேனா? குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன். தண்ணீர் வேண்டியிருக்கவில்லை. வண்டி அந்த வழியாகத்தான் வரும், மாரிமுத்து பார்க்கட்டும், மொட்டைச் சக்கரத்தைப் பார்க்கட்டும் என்றுதான் போனேன்.

வந்தது. சாமந்தியும் கோழிக்கொண்டையும் கட்டி, மாப்பிள்ளை முன்னால், பின்னால் மேளத்தோடு ஏழெட்டுப் பேர். கடைக்கு முன்னால் ரோட்டில் புது ஜல்லி கொட்டி இன்னும் ரோலர் ஓட்டவில்லை. மாரிமுத்து தலை தூக்கிப் பார்த்தான். காது இல்லை என்று கண்டுகொண்டான். கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஸ்டூலிலிருந்து எழுந்து இரண்டடி முன்னால் வந்தான், சக்கரத்தைப் பார்க்க.

முன்சக்கரத்திலிருந்துதான் வந்தது. கல் வருகிறதை நான் பார்த்தேன். அவன் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். கத்தவில்லை. விரல் சந்தில் ரத்தம்.

வண்டி போய்விட்டது. மேளச் சத்தத்தில் ரத்தினத்துக்குத் தெரியவில்லை. குழாயடியில் வேறு யாரும் இல்லை.

நானும் கத்தவில்லை. யாரையாவது கூப்பிட வேண்டும் என்று தோன்றுவதற்கே நேரம் பிடித்தது எனக்கு. குடத்துத் தண்ணீரைக் கடை வாசல் வரை கொண்டுபோய் வைத்தேன். அதற்குள் ஸ்டேஷன் போர்ட்டர் ஓடிவந்தான்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

கண் போய்விட்டதாம்.

அடிபட்டு வந்தால் ஆஸ்பத்திரியிலிருந்து போலீசுக்குச் சொல்லுவார்கள். போலீஸ் வந்தால் யார் வண்டி என்று கேட்பார்கள். கேஸ் வந்தால் பர்மிட் இல்லை என்று இன்ஸ்பெக்டர் அன்றைக்கே சொல்லிவிட்டார். பர்மிட் இல்லையென்றால் டிம்பர் கேங். கேஜ். கீழே.

ரத்தினத்திடம் சொல்லவில்லை. தெரிந்தால் இவனே போய் நான்தான் என்று ஒப்புக்கொள்வான். அப்பனைப் போலவேதான். சிநேகிதன் கேட்டால் பாதிச் சோற்றில் எழுந்து போகிற ரத்தம்.

மாரிமுத்து வாயைத் திறந்தால் போச்சு. பதினெட்டு வருஷமாக எதிரே வந்தால் மண்ணைப் பார்த்துப் போனவள் நான். அவன் எதற்கு வாயை மூட வேண்டும்?

ஆகஸ்ட் 31, சனி

ஆஸ்பத்திரிக்குப் போனேன். எதற்கு என்று ஜெயசீலி கேட்டதற்கு முட்டிவலி என்றேன்.

வார்டு வாசலிலேயே நின்றேன். உள்ளே கான்ஸ்டபிள் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

"எப்பிடிய்யா ஆச்சு?"

"டயரு ஓரத்துல கம்பி இருக்கும் சார். அறுக்கும்போது தெறிச்சுது."

"கல்லு பட்ட காயம் மாதிரி இருக்குதுன்னு டாக்டர் சொல்றாரு."

"கம்பிதான் சார். என் கையி, என் கத்தி. எனுக்குத் தெரியாதா?"

"அந்த ரோட்டுல கல்யாண வண்டி போச்சாமே?"

"போச்சு. நல்லாப் பூ கட்டியிருந்தாங்க."

கான்ஸ்டபிள் போய்விட்டான். கட்டிலுக்கு அந்தப் பக்கம் மாரிமுத்துவின் மகள் இருந்தாள். அன்றைக்குக் காது குத்தின அதே பெண், இப்போது மூன்று பிள்ளைக்குத் தாய். காதில் சின்னத் தோடு. என்னால் அந்தக் காதைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அவள் என்னைப் பார்த்து, "நைனா, பழனியம்மா அத்த வந்துக்கீறாங்க" என்றாள். அவன் அவளைப் போய் டீ வாங்கி வா என்று அனுப்பினான்.

"தங்கச்சி."

நான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"நீயும் பாத்த. நானும் பாத்தேன். அத்தோட இருக்கட்டும். புள்ளைக்குச் சொல்லாத."

கட்டுப்போடாத கண்ணை என் பக்கம் திருப்பினான்.

"அண்ணாத்தைக்கு இது சரியாப்பூடுச்சா?"

பதினெட்டு வருஷத்தில் அவனிடம் என் முதல் பேச்சு: "ஒரு கண்ணு ஒரு ஆளாவுமாய்யா?"

கண்கட்டைத் தடவினான். அப்புறம், "ஆவாது. எனுக்கும் தெரியும். கேட்டுப் பாத்தேன்" என்றான்.

செப்டம்பர் 1, ஞாயிறு

அவன் வாயை மூடினதற்கு நான் அழவேண்டுமா? காலில் விழவேண்டுமா? கேட்டேனா நான்? யாராவது கேட்டார்களா? பதினெட்டு வருஷமாக என்கிட்ட இருந்தது அது ஒண்ணுதான். வீடு போச்சு, புருஷன் போனார், பிள்ளை அடுத்தவன் வீட்டில் படுக்கிறான் — அவன்மேல் இருக்கிற வன்மம் மட்டும் எனக்கே எனக்கு என்று முழுசாக இருந்தது. அதிலும் கை வைத்துவிட்டானே பாவி. இனிமேல் அவனைத் திட்டும்போதெல்லாம் அந்தக் கல்லும் வரும். கட்டிலுக்குக் கீழே சாக்கும் வரும்.

புருஷனைக் கொடுத்தவன் அவன். பிள்ளையைக் காப்பாற்றினதும் அவன். அதை எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

செப்டம்பர் 3, செவ்வாய்

ரத்தினம் காதுகளைத் தேடினான். எடுத்துக் கொடுத்தேன். "மாமாவுக்கு டயர் கம்பி பட்டு கண்ணு போச்சாம்மா, கேட்டியா?" என்றான். கேட்டேன் என்றேன். பக்கத்தில் ஜெயசீலி என் முகத்தையே பார்த்தாள்.

செப்டம்பர் 12, வியாழன்

கோலாரில் பாஸ். இன்ஸ்பெக்டர் காதைப் பிடித்து இழுத்துப் பார்த்தாராம். "யார் மாடிது?" என்று கன்னடத்தில், யார் செய்தது எனக் கேட்டு, நல்ல வேலை என்றாராம். சிரில் முகம் சுருங்கிவிட்டது. டிம்பர் கேங்கில் வேறு எவனையோ எடுத்துவிட்டார்கள். எவள் பெற்ற பிள்ளையோ.

செப்டம்பர் 15, ஞாயிறு

வீட்டில் சண்டை.

ரத்தினம் குளிக்கப் போன நேரத்தில் அம்மிக் குழவியை எடுத்துக்கொண்டு போய், ஒவ்வொரு போல்ட்டின் முனையையும் அடித்து நசுக்கிவிட்டேன். இனி நட்டு திரும்பாது. நாலு காதும் ஜீப்போடு ஒட்டிப்போயின. கையில் கொப்புளம்.

"உனுக்கு இன்னா பைத்தியமா? வண்டல் அடச்சிக்கினா எப்பிடிம்மா கழட்டறது?" என்று கத்தினான்.

"குச்சி வெச்சு நோண்டு."

"யாரு நோண்டறது டெய்லி?"

"நான் நோண்டறேன்."

ஜெயசீலி அடுப்படியிலிருந்து வந்து நின்றாள். ஏதோ குத்தலாகச் சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். குழவியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போய்க் கழுவி அம்மி மேல் வைத்தாள்.

அக்டோபர் 20, ஞாயிறு

அடைமழை. சாயங்காலம் முழுக்க நாலு காதுக்குள்ளும் சேறு தோண்டினேன். முதுகு விட்டுப்போயிற்று. யாரும் உதவிக்கு வரவில்லை, நானும் கூப்பிடவில்லை.

1969 பிப்ரவரி 2, ஞாயிறு

துளசிராமன் மறுபடியும் வந்தார். அடுத்த மகளுக்கு மாசியில் கல்யாணம். வாசலோடு நின்றார். தண்ணீர் இப்போதுதான் குடித்தாராம்.

"போன தடவ மாதிரியே அந்த ரப்பரக் கழட்டிட்டு அனுப்பிடும்மா."

ரத்தினம் என்னைப் பார்த்தான். நான் குச்சியை வைத்துப் பின்சக்கரத்தில் காய்ந்த மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

"கழறாதுங்க" என்றேன்.

"கழட்டறதுதானேம்மா அது? போன தடவ கழட்டினாங்களே?"

"போன தடவ கழண்டுதுங்க. இப்ப ஒட்டிக்கிச்சு. வேணும்னா இதோட எடுத்துக்கினு போங்க. வேணாம்னா மாட்டு வண்டியில கூட்டிக்கினு போங்க மாப்பிள்ளய."

அவர் முகம் சிவந்துவிட்டது. மண்டிக்கு லோடு எடுக்கமாட்டேன் என்றுகூடச் சொல்வார் என்று ரத்தினம் பயந்தான். கொஞ்சம் நின்று பார்த்தார். பங்காருபேட்டையிலிருந்து வேறு வண்டி பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். பத்தடி போனவர் திரும்பி, நாளைக்குத் தக்காளி சீக்கிரம் வரட்டும் என்றார்.

அவரை மறக்கமாட்டேன். இந்த நோட்டில் அவருக்கும் ஒரு இடம் எழுதி வைத்திருக்கிறேன்.

மத்தியானம் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன். வண்டி லோடு ஏற்றிக்கொண்டு வந்தது. ஜல்லி ரோடு சத்தம் போட்டது, காதுக்குள்ளே கல் பட்டுப் பட்டு விழுந்தது. ஒன்றும் வெளியே வரவில்லை. எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து தம்மபாலன் டயர் அறுத்துக்கொண்டிருந்தான். முகத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து, இருக்கிற கண்ணைக் கத்திக்கு நேராக வைத்து. எழுந்து பார்க்கவில்லை.

வண்டி ரயில்வே கேட் தாண்டும்வரை நின்றுவிட்டு, தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தேன்.